மூடு இல்லாத பூங்கா: மூன்று ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் குடியிருப்பின் நடுவே அறுபது சென்ட் பரப்பில் ஒரு பூங்கா இருக்கிறது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சர்க்கரைக்கு மாத்திரையுடன் நடையும் வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, புனரமைப்புக்காக அது பூட்டிக் கிடந்த ஐந்து மாதங்கள் நீங்கலாக, மூன்று ஆண்டுகளாக அங்கே போய் வருகிறேன். உணவகத்தை ஒரு வேளைச் சாப்பாட்டில் எடை போட்டுவிடலாம். பூங்காவைச் சித்திரை வெயிலில் ஒரு முறையும், ஐப்பசி மழை விட்ட மறுநாள் ஒரு முறையும், பள்ளி விடுமுறையில் ஒரு முறையும் பார்த்தால்தான் அதன் குணம் பிடிபடும். அப்படிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பூங்காவின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்க்கிறேன். குமரி மாவட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். கீழே நான் சொல்லப்போகும் குறைகளுக்கு முடிவெடுத்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் பழி முதலில் வந்து விழப்போவது காலையும் மாலையும் சாவியோடு நிற்கிற காவலாளியின் தலையில்தான். அவர் நல்ல மனிதர்; கடைசியில் அவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சொல். எங்கள் மாவட்டத்தில் மரத்தின் அடியை 'மூடு' என்போம். 'மாவு மூட்டில் நில்லு' என்றால் மாமரத்தடியில் நில் என்று பொருள். நாகர்கோவிலின் நடுச்சந்திக்கு வேப்பமூடு என்று பெயர், தக்கலைக்கு மேற்கே முளகுமூடு இருக்கிறது, ஆலமூடுகளுக்குக் கணக்கில்லை. ஊர் கூடுகிற இடம், வண்டி நிற்கிற இடம், சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் ஏதோ ஒரு மரத்தின் மூடாகவே இருந்ததால்தான் அந்தப் பெயர்கள் நின்றன. பூங்காவை மதிப்பிட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோலும் இதுவே: அதில் எத்தனை மூடு இருக்கிறது, அவற்றில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காசு கொடுக்காமலும் காரணம் சொல்லாமலும் உட்கார முடிகிறது? நீரூற்று, அலங்கார வளைவு, வண்ண விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

குமரி மாவட்டத்துக்குப் பூங்கா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வெளியூர் உறவினர்கள் வந்தால் சிரிக்கவே செய்கிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதுமே கண்ணில் படுவது பச்சைதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கிற மண். மாவட்டப் பரப்பில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு காடு. ஆனால் இதே மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இருந்த 18,70,374 பேரில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் நகர்ப்புறத்தார் என்று பதிவாகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி இதுதான் மிகுந்த நகர்மயமான மாவட்டம் என்பதை நம்பாதவர்கள், நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பேருந்தில் போய், வீடில்லாத இடைவெளி எங்கே வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கண்ணுக்குப் பச்சை தெரிகிறது. காலை நீட்டி உட்காரப் பொதுவான பச்சை இல்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு வேலி இருக்கிறது, தென்னந்தோப்புக்கு மதில் இருக்கிறது, காட்டுக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது.

முன்பு பூங்காவின் வேலையை வீட்டைச் சுற்றிய தோட்டங்களான விளைகளே செய்துவந்தன. என் அப்பாவின் வீடு நாற்பது சென்ட் விளையில் இருந்தது. பலா, அயனி, கொல்லமா, நாலைந்து தென்னை, கிணற்றடியில் கமுகு; மதிலே கிடையாது, பூவரசங்கம்பு நட்ட வேலிதான், அதிலும் பிள்ளைகள் புகுந்து போக இடைவெளி விட்டிருப்பார்கள். பாகப்பிரிவினையில் அது ஐந்தும் ஆறுமாகச் சிதறி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு எழும்பி, எஞ்சிய முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தாகிவிட்டது. சருகு விழுகிறது, தூத்துக்கட்ட ஆளில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நானும் சொன்னேன், என் முற்றத்திலும் அதே கல்தான். ஆகவே இந்த மதிப்புரையை எழுதுகிற எனக்கும் இதில் பங்குண்டு என்பதைப் படிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

மரங்கள் குறைந்ததற்கு இரண்டாவது காரணம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 29 இரவும் 30 பகலும் வீசிய அந்தக் காற்றில் மாவட்டம் முழுவதும் மரங்கள் வேரோடு சாய்ந்ததையும், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததையும், கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த பெண்களையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காற்று இன்னொன்றையும் செய்துவிட்டுப் போனது: மரம் என்றாலே மின்கம்பி மேல் விழப்போகிற ஒன்று என்ற அச்சம் ஊரில் குடியேறிவிட்டது. அதுவரை வெட்டுவதற்குக் காரணம் தேடியவர்களுக்கு அதன் பிறகு காரணம் கையிலேயே இருந்தது. வேரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, சாலைக்காக ஒருபக்க வேரையும் வெட்டிவிட்டு, அதன் பின் மரம் சாய்ந்தது என்று மரத்தின் மேல் குற்றம் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டால் பதில் வராது.

எங்கள் பூங்காவின் கதைக்கு வருகிறேன். இது யாரும் மனமுவந்து கொடுத்த இடம் இல்லை. ஒரு தென்னந்தோப்பு மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, பொதுவுக்கென்று விட்டாக வேண்டியிருந்ததால் விடப்பட்ட துண்டு. இன்றைய விதி என்னவென்று தெரிந்துகொள்வது வீடு வாங்குகிற எல்லோருக்கும் நல்லது: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும், பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால் பணமாகக் கட்டித் தப்பிக்கவும் முடியாது, நிலத்தையே தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக 1959-இலேயே பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்று மாநிலத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. எனவே உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டிய துண்டு எங்கே போயிற்று என்று கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது. எங்கள் துண்டில் பல ஆண்டுகள் மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தன. ஒருமுறை கல்யாணப் பந்தலும் போட்டார்கள். பிறகுதான் வேலி வந்து, வாயில் வந்து, பூங்கா என்ற பலகை வந்தது.

நான் நடக்கத் தொடங்கியபோது உள்ளே நான்கு புங்கை, இரண்டு பூவரசு, தென்மேற்கு மூலையில் ஒரு நாவல் இருந்தன. நடைபாதை செம்மண். ஒரு சுற்று ஏறத்தாழ நூற்றெழுபது மீட்டர், ஆறு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருந்தேன். மழை பெய்தால் சேறாகும், உண்மை. சிமெண்டு இருக்கைகளில் இரண்டு உடைந்திருந்தன, அதுவும் உண்மை. ஆனால் புங்கைகளின் மூடு நான்கும் எப்போதும் நிறைந்தே இருந்தன.

அங்கே உட்காருபவர்கள் யார் யார் என்று சொல்லாமல் பூங்காவை மதிப்பிட முடியாது. கடற்கரை ஊரிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டு வந்து தெருத்தெருவாக விற்கும் ஓர் அம்மா, விற்று முடித்து, நான்கு நாற்பது பேருந்துக்கு முன்பாக, வடக்குப் புங்கையின் மூட்டில் உட்கார்ந்து சில்லறையை எண்ணிக் கொசுவத்தில் முடிந்துகொள்வார். பகல் முழுவதும் நின்றவர் அன்று முதல்முறையாக உட்காருவது அங்கேதான் என்று சொல்லியிருக்கிறார். தொகுதி நான்கு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். சில நாள் திருவிதாங்கூர் வரலாற்றில் சந்தேகம் வந்தால், 'டீச்சரே, இது எந்த வருஷம்?' என்று என் நடையை நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட வேலைக்கு வந்த வடகிழக்கு மாநில இளைஞர்கள் கைப்பேசியைப் பூவரசங்கிளையில் சாய்த்து வைத்து ஊரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறுபேர் தங்கும் அறையில் தாயோடு தனியாகப் பேச இடம் ஏது? இரவுப் பணிக்குப் போகும் செவிலியர் ஒருவர் சீருடையோடு வந்து பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்.

இந்த நால்வகையாருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச்சு கிடையாது. பேச வேண்டும் என்பதும் இல்லை. ஒரே மூட்டில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-இலும் மறுபடி 1930-இலும் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த மண்ணில், யார் எவர் என்று கேட்காத பொது இருக்கை ஒன்று இருப்பதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை. கோயில் முற்றமும் தேவாலய வளாகமும் பள்ளிவாசல் திண்ணையும் இங்கே குறைவில்லாமல் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் அவரவர் மக்களுக்கு நிழல்தான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நிழல் என்பது பூங்காவில்தான் கிடைக்கிறது.

பிறகு புனரமைப்பு வந்தது.

ஐந்து மாதம் தகரம் அடைத்து வைத்திருந்தார்கள். திறந்தபோது பூங்கா புகைப்படத்துக்கு மிக அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைபாதை முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகப் பேவர் கல், நடுவில் நீரூற்று, ஊரின் பெயரை இதயக் குறியோடு எழுதி, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சட்டகம், உடற்பயிற்சிக் கருவிகள் ஏழு, வண்ணமடித்த இரும்பு இருக்கைகள் பன்னிரண்டு. நான்கு புங்கையையும் இரண்டு பூவரசையும் காணவில்லை. நாவல் மட்டும் நின்றது, அதன் அடிமரத்தை ஒட்டி வட்டமாகச் சிமெண்டுத் திண்டு கட்டி, தண்ணீர் இறங்க ஒரு சாண் மண்கூட விடாமல். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு தில்லிக்கு என்றாலும் மரத்தின் வேருக்கு ஊர் வேற்றுமை கிடையாதே.

இழந்த நிழலுக்கு ஈடாக மதிலோரம் வரிசையாகக் கோனோகார்பஸ் நட்டிருந்தார்கள். விரைவாக வளரும், ஆடு மாடு தின்னாது, கத்தரித்தால் சுவர்போல் நிற்கும் என்பதால் ஒப்பந்தக்காரர்களுக்கு அது பிடித்த செடி. மதிலுக்குப் பச்சைச் சாயம் அடித்ததுபோல் இருக்குமே தவிர, அதன் கீழே ஒருவர் உட்கார முடியாது. அதற்கு மூடே இல்லை. வேர் குழாய்களைக் கெடுக்கிறது, மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று குஜராத் அரசு 2023-இல் அதைத் தடை செய்தது. தமிழ்நாடும் பிற்பாடு அதே முடிவுக்கு வந்தது. எங்கள் மதிலோரம் அது இன்னும் நிற்கிறது.

மரம் போனதால் என்ன நடந்தது என்பதை அளவுகோல் கொண்டு அளக்கவில்லை; உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். நிழலில் இருக்கும் மண்ணை வெயில் நேரடியாகச் சுடுவதில்லை. அத்தோடு மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கும்போது சுற்றுக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரத்துணி காயும்போது குளிர்வதும் இதே விதியால்தான். பேவர் கல் இதற்கு நேர்மாறு. பகலில் குடித்த வெயிலை மாலையில் வெளியே விடுகிறது, மழைநீரையும் மண்ணுக்குள் இறங்க விடாமல் ஓடைக்குத் தள்ளிவிடுகிறது. மாசி, பங்குனியில் மாலை நான்கு மணிக்கு அந்த இரும்பு இருக்கையில் கையை வைக்க முடியாது. நான் செய்தித்தாளை மடித்துக் கொண்டுபோகிறேன், படிப்பதற்காக இல்லை. மீன்கார அம்மா இப்போது உள்ளே வருவதில்லை. எதிர்ப்புறத்துக் கடையின் தார்ப்பாய் நிழலில் கூடையைக் கவிழ்த்து உட்காருகிறார். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஒரு சாயாவாவது வாங்கியாக வேண்டும்.

நாவல் மரம் தப்பியதே ஒரு தனிக்கதை. ஆனியில் பழம் உதிர்ந்து புதுக்கல்லெல்லாம் ஊதாவாகக் கறை பிடித்தது. கல்லைத் தேய்த்துக் கழுவச் சொல்லித் துப்புரவுப் பணியாளரை விரட்டினார்கள். பிறகு மரத்தையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பியது. கல்லுக்காக மரமா, மரத்துக்காகக் கல்லா என்று நடைக்கு வரும் நாங்கள் பதினோரு பேர் மனு எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. பிள்ளைகளின் நாக்கு ஊதாவாகிறதே, அதுதான் இந்தப் பூங்காவில் இப்போது நடக்கும் மிகச் சிறந்த நிகழ்ச்சி.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் இல்லை. உடற்பயிற்சிக் கருவிகளில் நான்கு இயங்குகின்றன, மூன்று துருப்பிடித்துவிட்டன. இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் எண்ணெய் விட ஆள் வைக்காமல் இரும்புக் கருவி நட்டால் வேறென்ன ஆகும்? ஊஞ்சல் நன்றாக இருக்கிறது, சறுக்கின் கீழே மணல் போட்டது நல்ல யோசனை. நீரூற்று திறப்புவிழா அன்று ஓடியது. விளக்குகள் குறையில்லை, இரவு எட்டு வரை பெண்கள் தயக்கமின்றி நடக்கிறார்கள். இதை நான் மிக உயர்வாக மதிப்பிடுகிறேன். குடிநீர்க் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. கழிவறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு இது எரிச்சல். பெண்களுக்கும் என் வயதினருக்கும் இது பூங்காவுக்கு எத்தனை நேரம் வரலாம் என்பதை முடிவு செய்கிற விஷயம். இருசக்கர வண்டி நுழையாமலிருக்க வாயிலில் நட்ட இரும்புக் கம்பிகள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் பதினொன்றாவது இலக்கு, பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைக் குறிப்பாகச் சொல்லி, 2030-க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான பசும்பொதுவெளி வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நான்கு வகையினரையும் எங்கள் வாயிற்கம்பியின் முன்னால் நிறுத்திப் பார்த்தால் எவ்வளவு பேர் உள்ளே வருவார்கள் என்பது தெரிந்துவிடும்.

நேரம் பற்றித்தான் எனக்குப் பெரிய வருத்தம். காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை, நடுப்பகலில் பூட்டு. காரணம் கேட்டால் பள்ளியைக் கட்டடித்த பிள்ளைகள், குடிகாரர்கள், காதலர்கள் என்று ஒரு வரிசை சொல்கிறார்கள். நிழல் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் நிழலைப் பூட்டி வைப்பதை நான் என்னவென்று சொல்வது? உணவுப்பொதி கொண்டு சேர்க்கும் பிள்ளைகள் இரண்டு மணி வெயிலில் வண்டி மேலேயே உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாலைப் பணியாளர்கள் மதிலின் வெளிப்புறத்தில் ஒரு முழ நிழலில் முதுகை ஒட்டி வைத்துச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறார்கள். மதிலுக்கு உள்ளே பன்னிரண்டு இருக்கைகள் காலியாகக் காய்கின்றன. குடிகாரர் இருவரைத் தடுக்க ஊரையே வெளியே நிறுத்துவதைவிட, பகலில் ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது மலிவு.

ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது என்பதற்காக மாவட்டத்தின் வேறு சில இடங்களுக்கும் போனேன். வேப்பமூட்டில் சர் சி.பி. ராமசாமி அய்யர் பெயர் தாங்கிய மாநகராட்சிப் பூங்கா, கடைகளுக்கும் பேருந்து இரைச்சலுக்கும் நடுவே இருப்பதே அதன் பெருமை. துணிக்கடைக்கு வந்த குடும்பம், மருத்துவமனைக்கு வந்தவர்கள், அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பவர் எல்லோரும் திட்டமிடாமலே உள்ளே வந்துவிடுகிறார்கள். கன்னியாகுமரியில், 1922-இல் தொடங்கிய அரசுப் பழத்தோட்டத்தோடு சேர்ந்த சுற்றுச்சூழல் பூங்கா வேறு இனம். பிள்ளைகளுக்குச் செடிகொடிகளைக் காட்டவும், திரும்பும்போது ஒட்டுமாங்கன்று வாங்கவும் ஏற்றது. தேரூர்க் குளக்கரையையும் சொல்ல வேண்டும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 94.23 ஹெக்டேர், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அது பூங்கா இல்லை, பறவைகளின் வீடு. ஆனாலும் மாலையில் கரையோரம் நின்று நாரைகள் அடைவதைப் பார்ப்பதற்குப் பூட்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

மிகுந்த நேரம் செலவிட்டது உதயகிரிக் கோட்டையில். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் நெடுஞ்சாலையில், புலியூர்க்குறிச்சியில் இறங்கினால், ஏறத்தாழ தொண்ணூறு ஏக்கர் கோட்டைக்குள் வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா நடத்துகிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனியின் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்துப் 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) ஆகி, இந்தக் கோட்டையைப் புதுப்பித்து, பீரங்கி வார்க்கும் ஆலையையும் நடத்தி, 1777-இல் இறந்து இங்கேயே அடங்கியிருக்கிறார். கூரையற்ற சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை இருக்கிறது. மேலே தமிழிலும் இலத்தீனிலும் எழுத்து. பீரங்கிக்காகக் கட்டிய மதிலுக்குள் இப்போது மான்கள் மேய்கின்றன, மூலிகைத் தோட்டம் இருக்கிறது, வயதேறிய மரங்களின் கீழே சருகு மெத்தைபோல் கிடக்கிறது. யாரும் அதைத் தூத்து எரிப்பதில்லை. மண் கால் வைத்தால் உள்வாங்குகிறது. மூடு என்றால் இது. நான் இரண்டு மணி நேரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உச்சிவெயில் தலைக்கு மேலே இலைகளில் நின்றுவிட்டது.

அப்படியென்றால் உதயகிரியே போதாதா, அறுபது சென்ட் துண்டுக்கு ஏன் இத்தனை வழக்கு என்று கேட்கலாம். பரப்பைப் பார்த்தால் அது எங்கள் பூங்காவைப்போல் நூற்றைம்பது மடங்கு. ஆனால் அங்கே போக எனக்குப் பேருந்து வேண்டும், நுழைவுச்சீட்டு வேண்டும், அரை நாள் வேண்டும், முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். உதயகிரி விருந்து, எங்கள் பூங்கா கஞ்சி. ஆண்டுக்கு இருமுறை விருந்துண்டு யாரும் உயிர் வாழ்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-இல் நகர்ப் பசுமைவெளிகளுக்கு ஒரு வழிகாட்டும் அளவைச் சொன்னது: வீட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பொதுப் பசுமை. அரை ஹெக்டேர் என்பது நம் கணக்கில் நூற்றிருபத்துநான்கு சென்ட்; எங்கள் பூங்கா அதில் பாதிகூட வராது. ஆனால் முந்நூறு மீட்டர் என்ற நிபந்தனையை அது நிறைவேற்றுகிறது, என் வீட்டிலிருந்து இருநூற்றுச் சொச்சம் அடிவைப்புகள்தான். வாரத்துக்குக் குறைந்தது நூற்றைம்பது நிமிடம் நடைபோன்ற மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்வதை நான் கடைப்பிடிக்க முடிவது தொண்ணூறு ஏக்கரால் அல்ல, இந்த அறுபது சென்டால்தான். என் சர்க்கரை அளவு குறைந்ததற்கு நடையா மருந்தா எது காரணம் என்று மருத்துவரே பிரித்துச் சொல்லவில்லை. நடை நின்ற அந்த ஐந்து மாதத்தில் அது ஏறியது என்பது மட்டும் என் குறிப்பேட்டில் இருக்கிறது.

ஆகவே என் மதிப்பெண்: அருகாமைக்கு ஐந்துக்கு ஐந்து. வெளிச்சத்துக்கும் பாதுகாப்புக்கும் நான்கு. தூய்மைக்கு மூன்றரை, துப்புரவுப் பணியாளர் ஒருவரே நான்கு பூங்காக்களைப் பார்க்கிறார் என்பதால் அரை மதிப்பெண் அவருக்காகக் கூட்டியிருக்கிறேன். திறந்திருக்கும் நேரத்துக்கு ஒன்று. நிழலுக்கு ஒன்று, அந்த ஒன்றும் நாவல் மரத்துக்குச் சேரும். புனரமைப்புக்கு முன் கேட்டிருந்தால், உடைந்த இருக்கைகளையும் சேற்றையும் கழித்துக்கொண்டே, மொத்தத்தில் நான்கு கொடுத்திருப்பேன். இப்போது இரண்டரை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மாலையில் ஐந்தரைக்குப் பிறகு போகலாம், அதற்கு முன் கல்லின் சூடு தணியாது. தென்மேற்கு மூலையில் நாவலடித் திண்டில் நான்கு பேர் உட்காரலாம்; ஐந்தே முக்காலுக்குள் அது நிரம்பிவிடும். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் பேவர் கல்லில் பாசி பிடிக்கிறது, வழுக்காத செருப்பு அவசியம். வாயிலுக்கு இடப்பக்கம், மூன்றாவது இருக்கையின் பின்னால், நான்கு கற்களைப் பெயர்த்தெடுத்த இடத்தில் ஒரு பூவரசங்கம்பு நட்டிருப்பதைக் காணலாம். யார் கற்களைப் பெயர்த்தார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். 'தானா இளகிக் கிடந்துச்சு டீச்சரே' என்றார். சென்ற கார்த்திகை மழையில் அது இரண்டு கை அகலத்துக்கு இலை விட்டிருக்கிறது. அதில் பையைத் தொங்கவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.